பழுதான விண்கலம்: அதிலேயே திரும்புவதா, விட்டுவிட்டுக் காத்திருப்பதா?

2024 ஆகஸ்ட் 24 அன்று நாசாவின் அன்றைய தலைவர் பில் நெல்சன் ஒரு முடிவை அறிவித்தார். போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர் விண்கலம் ஆளில்லாமல் பூமிக்குத் திரும்பும். அதில் ஏறிச் சென்ற புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் விண்வெளி நிலையத்திலேயே தங்கி, அடுத்த ஆண்டு ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலத்தில் வருவார்கள். சுமார் எட்டு நாள் என்று கிளம்பிய பயணம் கடைசியில் 286 நாளில் முடிந்தது.

அதைப் பற்றி நடந்த விவாதம் பெரும்பாலும் யார்மேல் தப்பு என்பதையே சுற்றிவந்தது. போயிங்கின் தரம் கெட்டுவிட்டதா, நாசா கண்காணிக்கத் தவறியதா, இருவரும் மேலே மாட்டிக்கொண்டார்களா, 2025 தொடக்கத்தில் டிரம்பும் ஈலான் மஸ்க்கும் சொன்னதுபோல அரசியலுக்காகக் கைவிடப்பட்டார்களா என்றெல்லாம் பேசினார்கள். இவற்றில் சில அவசியமான கேள்விகள்தான். ஆனால் அந்த ஆகஸ்டில் விடை சொல்ல வேண்டியிருந்த கேள்வி இதைவிடச் சின்னது, கடினமானது: ஏன் கெட்டது என்று பாதிதான் தெரிந்த ஒரு கலத்தில் இரண்டு மனிதர்களை ஏற்றலாமா?

இதே இக்கட்டு வேறு சில கலங்களுக்கும் வந்திருக்கிறது. அவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்த முடிவு சரி என்று சொல்ல முடியும். வழிகள் பெரும்பாலும் மூன்றுதான். இருக்கிற நிலையிலேயே ஏறித் திரும்பலாம். முடிந்தவரை சரிசெய்துவிட்டுத் திரும்பலாம். அல்லது அந்தக் கலத்தை விட்டுவிட்டு வேறொன்றுக்காகக் காத்திருக்கலாம். கோளாறின் காரணம் முழுதாகப் பிடிபடவில்லை, கெட்ட பகுதியோ தரையிறங்கும் பாதையில் உழைத்தே தீரவேண்டிய பகுதி என்றால், மூன்றாவதுதான் சரியான வழி என்பது என் கருத்து. அதற்கு விலை உண்டு. அந்த விலையையும் சேர்த்தே பார்ப்போம்.

ஸ்டார்லைனரில் என்ன நடந்தது

2024 ஜூன் 5 அன்று புறப்பட்ட ஸ்டார்லைனர் மறுநாள் நிலையத்தை நெருங்கியபோது, அதன் சேவைப் பகுதியில் உள்ள 28 சிறு த்ரஸ்டர்களில் ஐந்து ஒவ்வொன்றாக அணைந்தன. கலத்தைத் திருப்புவதும் நகர்த்துவதும் இவைதான். கொஞ்ச நேரம் கலத்தின் முழுக் கட்டுப்பாடும் கையைவிட்டுப் போனதாக வில்மோர் பின்னர் சொன்னார். தரையில் இருந்தவர்கள் அணைந்த த்ரஸ்டர்களை மறுபடி இயக்கிப் பார்த்து நான்கை மீட்டெடுத்தார்கள். அப்புறம்தான் கலம் நிலையத்தோடு இணைந்தது. இது போதாதென்று ஹீலியம் கசிவு வேறு. எரிபொருளை த்ரஸ்டருக்குத் தள்ளிவிடுவது ஹீலியத்தின் அழுத்தம்தான். புறப்படும் முன்பே ஒரு கசிவு தெரிந்திருந்தது. மேலே போனபின் இன்னும் நான்கு சேர்ந்துகொண்டன.

நியூ மெக்சிகோவில் உள்ள வெள்ளை மணல் சோதனை மையத்தில் அதே வகை த்ரஸ்டர் ஒன்றைத் தொடர்ந்து இயக்கிப் பார்த்தார்கள். வால்வில் இருக்கும் டெஃப்லான் அடைப்பு வெப்பத்தில் வீங்கி, எரிபொருளை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றி பாயும் வழியை மறித்தது தெரிந்தது. த்ரஸ்டர்கள் பல ஒரே மூடிய கூண்டுக்குள் நெருக்கமாக இருப்பதால், உள்ளே சேரும் வெப்பம் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்பதும் புரிந்தது. சரி, காரணம் கிடைத்துவிட்டது என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் தொடங்கியது. ஜூலை கடைசியில் நிலையத்தோடு இணைந்த நிலையிலேயே அதே த்ரஸ்டர்களைச் சுருக்கமாக இயக்கிப் பார்த்தபோது, ஒன்றைத் தவிர எல்லாம் நன்றாகவே வேலைசெய்தன. வீங்கிய டெஃப்லான் தானாகச் சுருங்கிவிட்டதா? அப்படியானால் திரும்பும் வழியில் சூடேறும்போது மறுபடி வீங்குமா? எத்தனை த்ரஸ்டரில், எந்த நொடியில்?

அதே கலத்தில் ஏறித் திரும்பலாம் என்ற போயிங் பக்கத்து வாதத்தை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. இணையும்போது த்ரஸ்டர்கள் உழைத்த அளவுக்குத் திரும்பும்போது உழைக்க வேண்டியதில்லை. மேலே நடந்த சோதனை நல்ல முடிவு தந்திருந்தது. கசிந்தது போக மீதமிருந்த ஹீலியம் தேவைக்கு மேலேயே இருந்தது. உள்ளே மனிதர் இருந்தால் தானியங்கி தடுமாறும் இடத்தில் கையால் ஓட்டவும் முடியும். இவை எல்லாமே உண்மை.

எதிர்ப்பக்கத்தில் இருந்தது ஒரே ஒரு விஷயம். கலம் பூமியை நோக்கி இறங்கப் பெரிய என்ஜின்கள் எரியும் அந்தச் சில நிமிடங்கள், கலத்தைச் சரியான கோணத்தில் பிடித்து நிறுத்துவது இந்தச் சிறு த்ரஸ்டர்கள்தான். அந்த நேரத்தில் ஒரே கூண்டில் இரண்டு மூன்று சேர்ந்து அணைந்தால் என்ன ஆகும் என்பதை எந்தத் தரைச் சோதனையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஏன் நின்றது என்று தெரியாமல் மறுபடி ஸ்டார்ட் ஆன வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலைப்பாதை இறங்க யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம். நாசா பொறியாளர்கள் பலரின் தயக்கமும் அதுதான்.

காத்திருக்கும் வழியும் பாதுகாப்பானது என்று சும்மா சொல்லிவிட முடியாது. ஸ்டார்லைனர் காலியாகப் பிரிந்த செப்டம்பர் 6 முதல் அந்த மாதக் கடைசியில் அடுத்த டிராகன் வரும்வரை, இருவருக்கும் தங்களுக்கென்று ஒரு கலம் இல்லை. அவசரம் என்றால் ஏற்கெனவே அங்கிருந்த நான்கு இருக்கை டிராகனில், சரக்கு வைக்கும் இடத்தில் நுரைமெத்தை போட்டுப் படுத்துத்தான் வர வேண்டும். வரவிருந்த டிராகனில் இரண்டு இடம் காலியாக வேண்டுமென்று ஸீனா கார்ட்மேன், ஸ்டெஃபனி வில்சன் என்ற இரு வீராங்கனைகள் தங்கள் பயணத்தை விட்டுக்கொடுத்தார்கள். ஆளில்லாமல் பிரியும் ஸ்டார்லைனரின் த்ரஸ்டர் நிலையத்தின் அருகிலேயே கோளாறு செய்தால் மோதும் ஆபத்தும் இருந்தது. அதனால் மெதுவாக விலகும் வழக்கமான முறையை விட்டுவிட்டு, சட்டென்று விலகி ஓடும் பாதையை வகுத்தார்கள்.

ஸ்டார்லைனர் பத்திரமாகவே தரையிறங்கியது. உடனே கிளம்பியது அடுத்த வாதம்: ஆள் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காதே, எதற்கு இந்த ஒன்பது மாத அலைக்கழிப்பு? இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகஸ்டில் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் ஆகஸ்ட் முடிவை எடைபோட வேண்டும். ஒருமுறை நல்லபடியாக இறங்கிவிட்டதால், தெரியாமல் இருந்த காரணம் தெரிந்துவிடாது. அந்த மாதிரி நினைத்ததன் விளைவை நாசா ஏற்கெனவே பார்த்திருந்தது.

கொலம்பியா: ஆராயாமலே விட்ட வழிகள்

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பி 82 நொடி ஆவதற்குள், வெளித் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைக் காப்புத் துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. மறுநாள் படச்சுருளைப் பார்த்தவர்கள் கண்ணில் அது பட்டுவிட்டது. அதன்பின் இரண்டு வாரம் இருந்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் மேலே உற்சாகமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள்.

தரையில் ரோட்னி ரோச்சா போன்ற பொறியாளர்கள் கேட்டது ஒன்றே: ராணுவச் செயற்கைக்கோள் மூலமோ தரைத் தொலைநோக்கி மூலமோ அந்த இறக்கையைப் படமெடுத்துத் தாருங்கள். அந்தக் கோரிக்கைகள் மேலே போய் நின்றுபோயின. சேதத்தைக் கணிக்கப் பயன்படுத்திய கணினிக் கருவி மிகச் சிறிய துண்டுகளுக்காக உருவானது. மோதிய துண்டு அந்தச் சோதனைத் துண்டுகளைப் போல 640 மடங்கு பெரியது. ஆனாலும் கூட்டங்களில் எட்டிய முடிவு, ஆபத்தில்லை என்பதுதான். ஜனவரி 23 அன்று கமாண்டர் ரிக் ஹஸ்பண்டுக்கும் பைலட் வில்லியம் மெக்கூலுக்கும் மின்னஞ்சல் போனது: நிபுணர்கள் பார்த்துவிட்டார்கள், கவலைப்பட ஒன்றுமில்லை. ஆய்வுக்குழுவின் அந்த முடிவைத் தெரிவித்து எழுதியவர் ஃப்ளைட் டைரக்டர் ஸ்டீவ் ஸ்டிச். 2024-ல் ஸ்டார்லைனர் விவகாரத்தில் தனியார் நிறுவனக் கலங்களில் வீரர்களை அனுப்பும் நாசா திட்டத்தின் மேலாளராக இருந்து, காலியாக அனுப்பும் முடிவை எட்டியவர்களில் ஒருவரும் இதே ஸ்டிச்தான். அந்த ஆகஸ்ட் முடிவுக்குப் பின்னால் எத்தனை கனம் இருந்திருக்கும் என்று இதிலிருந்து யோசித்துக்கொள்ளலாம்.

சேதம் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருக்க முடியும்? அன்று நாசாவுக்குள்ளேயே பலர் கேட்ட கேள்வி இது. ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்ததால்தான் பார்க்கவே தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். திரும்பும் வழியில் கொலம்பியா சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பின் அட்மிரல் ஹெரால்ட் கெஹ்மன் தலைமையிலான விசாரணைக் குழு கேட்டுக்கொண்டதன் பேரில் நாசா அந்த வழிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தது.

விண்வெளி நிலையத்துக்குப் போயிருக்க முடியாது. கொலம்பியாவின் சுற்றுப்பாதை 39 டிகிரி சாய்வில், நிலையம் 51.6 டிகிரியில். பாதை மாற எரிபொருள் போதாது. பழுதுபார்த்தல்? இருவர் வெளியே போய், ஓட்டைக்குள் கையில் கிடைத்த உலோகக் கருவிகளையும் தண்ணீர்ப் பைகளையும் திணித்து, தண்ணீரை உறையவைத்து அடைக்கலாம். அது வெப்பத்தைத் தாங்கி இறங்குமா என்பது பெரிய சந்தேகம். மூன்றாவது வழி அட்லாண்டிஸ். மார்ச் 1-ல் கிளம்ப அது தயாராகிக்கொண்டிருந்தது. இரவு பகலாக வேலைசெய்திருந்தால் பிப்ரவரி 10-க்குக் கிளம்பியிருக்கலாம். கொலம்பியாவில் இருந்தவர்கள் உடல் உழைப்பைக் குறைத்துக்கொண்டு இருந்தால், மூச்சுக்காற்றில் சேரும் கார்பன் டை ஆக்சைடை நீக்கும் டப்பாக்கள் பிப்ரவரி 15 வரை வந்திருக்கும். ஆக ஐந்து நாள் இடைவெளி. நான்கு பேரோடு அட்லாண்டிஸ் மேலே போய், இரண்டு விண்ணோடங்களும் எதிரெதிரே மிதக்க, ஏழு பேரையும் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் கூட்டி வந்திருக்கலாம். அதே நுரை அட்லாண்டிஸையும் தாக்கும் ஆபத்து இருந்தது. நேரமும் மயிரிழைதான். ஆனால் ‘ஒன்றும் செய்ய முடியாது’ என்பது உண்மையில்லை. இந்தக் கணக்கை முதல் வாரத்திலேயே யாராவது போட்டிருந்தால் என்ற எண்ணத்தை என்னால் விலக்கவே முடியவில்லை.

காரணம் பற்றிய வாதம் கொலம்பியா சிதறிய பிறகும் ஓயவில்லை. நுரைதான் காரணம் என்பது பொருந்திவரவில்லை என்று பிப்ரவரி 5 அன்று விண்ணோடத் திட்ட மேலாளர் ரான் டிட்டமோர் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். கையால் உடைக்கக்கூடிய, எடையே இல்லாத நுரை எப்படி இறக்கையை உடைக்கும்? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஜூலை 7 அன்று டெக்சாஸின் சான் அன்டோனியோவில் அதே அளவு நுரைத் துண்டை அதே வேகத்தில் உண்மையான இறக்கைப் பலகைமேல் சுட்டுப் பார்த்தார்கள். சுமார் 40 சென்டிமீட்டர் அகல ஓட்டை விழுந்தது. வாதம் அந்த நொடியில் முடிந்தது, ஐந்து மாதம் தாமதமாக.

விசாரணைக் குழு எழுதியதில் என் மனதில் நிற்பது, அந்த ஓட்டையைவிட இன்னொன்று. பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கு இருந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஆபத்து இருக்கிறது என்று பொறியாளர்கள்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. நிரூபிக்கத் தேவையான படமும் மறுக்கப்பட்டது. ஸ்டார்லைனர் முடிவில் இந்தப் பொறுப்பு இடம் மாறியிருந்தது. பாதுகாப்பானது என்று காட்டுங்கள் என்றார்கள். போதிய அளவு காட்ட முடியவில்லை. ஆகவே ஏற்றவில்லை.

காரணச் சண்டை ஒருபுறம், முடிவு ஒருபுறம்

எப்போதும் மூன்றாவது வழிதானா என்றால், இல்லை. 2018 ஆகஸ்டில் விண்வெளி நிலையத்தில் காற்றழுத்தம் மெல்லக் குறைந்தது. நிலையத்தோடு இணைந்திருந்த ரஷ்யாவின் சோயுஸ் எம்எஸ்-09 கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு ஓட்டை, பார்த்தாலே துளைக்கருவி போட்டது என்று தெரியும்படி. அதன் காரணம் பற்றி எழுந்த சச்சரவு கொஞ்சநஞ்சமல்ல. தரையில் தொழிலாளி ஒருவர் தவறிப் போட்டதா, விண்ணில் யாராவது வேண்டுமென்றே போட்டதா என்று ரஷ்ய விண்வெளித் துறைத் தலைவர் திமித்ரி ரகோஸினே கேள்வி எழுப்பினார். பின்னாளில் ரஷ்யச் செய்திகளில் ஓர் அமெரிக்க வீராங்கனைமேல் பழி போடும் அளவுக்குப் போனது. நாசா அதைத் திட்டவட்டமாக மறுத்தது.

ஆனால் திரும்புவதா வேண்டாமா என்ற முடிவு இந்தச் சண்டையைவிட எளிது. ஓட்டை இருந்தது சோயுஸின் சுற்றுப்பாதைப் பகுதியில். வளிமண்டலத்துக்குள் நுழையும் முன் அது கழன்று எரிந்துபோகும். வீரர்கள் உட்கார்ந்து வரும் பகுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பிசின் தடவித் துணி வைத்து அடைத்தார்கள். டிசம்பரில் அதே கலத்தில் மூவரும் நலமாக இறங்கினார்கள். காரணமே தெரியாவிட்டாலும் சரிசெய்துவிட்டு ஏறலாம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அந்தக் கலத்தின் கமாண்டர் செர்கெய் ப்ரகோப்யெவ். நான்கு ஆண்டு கழித்து 2022 டிசம்பரில் அவருடைய அடுத்த கலமான சோயுஸ் எம்எஸ்-22-ல் குளிரூட்டும் திரவம் பீய்ச்சியடித்தது. அவரும் திமித்ரி பெதெலினும் விண்நடைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நுண்விண்கல் மோதியது என்றது ரஷ்யா. இரண்டே மாதத்தில் ப்ராக்ரஸ் என்ற சரக்குக் கலத்திலும் குளிரூட்டி கசிந்தபோது, விண்கல் இருமுறை இப்படிக் குறிபார்த்து அடிக்குமா, தயாரிப்பில் குறையா என்று பலரும் கேட்டார்கள். நானும் அந்தச் சந்தேகக்காரர்கள் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் அந்தப் பகுதியும் இறங்கும்போது எரிந்துபோகிறதே, எடுத்துவந்து ஆராய வழியில்லை.

இங்கே காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: குளிரூட்டல் இல்லாத கலத்தில் மூன்று பேர் ஏறினால் உள்ளே வெப்பமும் ஈரப்பதமும் ஏறும், கணினிகளும் சூடாகும். ரஷ்யா காலிக் கலம் ஒன்றை அனுப்ப முடிவெடுத்தது. நடுவில் ஒரு நல்ல ஏற்பாடும் செய்தார்கள். மூன்றாமவரான பிராங்க் ரூபியோவின் இருக்கை உறையைக் கழற்றி டிராகனுக்கு மாற்றினார்கள். இருவர் மட்டும் ஏறினால் சோயுஸ் உள்ளே சூடு குறையும் அல்லவா? ஆளில்லாத எம்எஸ்-23 பிப்ரவரி 24 அன்று கிளம்பிப் போய்ச் சேர்ந்தது. பழைய கலம் மார்ச் 28 அன்று காலியாக இறங்கியது. விலை என்னவென்றால், ஆறு மாதம் என்று போன மூவரும் 371 நாள் இருந்தார்கள்.

2025 நவம்பரில் சீனாவுக்கும் இதே நிலை. ஷென்சோ-20 கலத்தின் ஜன்னல் கண்ணாடியில் மெல்லிய விரிசல், விண்வெளிக் குப்பை மோதியிருக்கலாம் என்றார்கள். நவம்பர் 5-ல் திரும்ப வேண்டியவர்கள் 14-ம் தேதி புதிய குழுவின் ஷென்சோ-21-ல் ஏறி வந்துவிட்டார்கள். வந்தவர்களுக்கு நிம்மதி. ஆனால் நிலையத்தில் தங்கிய புதிய மூவருக்கு அடுத்த 11 நாள் நம்பி ஏறக் கலம் இல்லை. ஆபத்து ஒரு குழுவின் தலையிலிருந்து இன்னொரு குழுவின் தலைக்கு மாறியது என்றுதான் சொல்ல வேண்டும். நவம்பர் 25 அன்று ஆளில்லாத ஷென்சோ-22 போய்ச் சேர்ந்தபின்தான் அது நீங்கியது. ஒவ்வொரு பயணத்துக்கும் அடுத்த ராக்கெட்டையும் கலத்தையும் ஏவுதளத்திலேயே கிட்டத்தட்டத் தயாராக வைத்திருப்பது சீனாவின் வழக்கம். அது இல்லாவிட்டால் 11 நாள் என்பது 100 நாளாகியிருக்கலாம்.

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால், மூன்றாவது வழி என்பது அந்த நாளில் திறமையாக யோசித்தால் கிடைப்பது இல்லை. வேறொரு நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் தருவது, ஒரு கலத்தைக் கூடுதலாகக் கட்டி வைப்பது, கலம் இணையத் துறையைக் காலியாக விடுவது என்று ஆண்டுகளுக்கு முன்பே பணம் செலவழித்து வாங்கி வைப்பது அது. 2014-ல் நாசா போயிங், ஸ்பேஸ்எக்ஸ் இரண்டுக்கும் ஒப்பந்தம் தந்தபோது, எதற்கு இரண்டு என்று கேட்டவர்கள் உண்டு. பத்தாண்டு கழித்து அந்த இரண்டாவது கலம்தான் இருவரையும் கூட்டிவந்தது.

இனி இந்தக் கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வரப்போகிறது. ககன்யான் திட்டத்தில் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் மூன்று நாள் வரை வீரர்கள் சுற்றிவருவார்கள். ஒதுங்க நிலையம் கிடையாது. உடனே கிளம்ப இரண்டாவது கலமும் இருக்காது. ஆக மூன்றாவது வழி ககன்யானுக்கு இல்லவே இல்லை. இருக்கிற கலத்திலேயே திரும்பியாக வேண்டும். அதன் சேவைப் பகுதியில் ஐந்து என்ஜின்களும் 16 சிறு த்ரஸ்டர்களும் இருக்கின்றன. சுற்றுப்பாதையிலிருந்து இறங்க அவைதான் உழைக்க வேண்டும். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இந்த அமைப்பைத் தரையில் எரித்துச் சோதித்து 2025-ல் முடித்திருக்கிறார்கள். நல்ல செய்திதான்.

ஆனால் ஸ்டார்லைனரின் த்ரஸ்டர்களும் தரைச் சோதனையில் தேறியவைதான். 2022 மே மாதம் அது ஆளில்லாமல் பறந்தபோதே சில த்ரஸ்டர்கள் அணைந்தன. கலம் நன்றாக இறங்கிவிட்டதால், அந்தக் காரணத்தை வேர்வரை தோண்டாமலேயே அடுத்த பயணத்தில் மனிதர்களை ஏற்றினார்கள். கொலம்பியாவுக்கு மூன்று மாதம் முன்பு, 2002 அக்டோபரில், அதே இடத்திலிருந்து பிய்ந்த நுரை அட்லாண்டிஸின் பக்கவாட்டு ராக்கெட்டில் மோதியபோதும் இப்படியேதான் நடந்தது. ககன்யானின் ஆளில்லாப் பயணங்களில் ஒரே ஒரு த்ரஸ்டர் ஒரு நொடி தடுமாறினாலும், ஒரு வால்வு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் சூடானாலும், அதன் காரணம் கண்டுபிடிக்கப்பட்டு, பொதுவில் சொல்லப்பட்டு, திருத்தம் மறுபடி ஒருமுறை ஆளில்லாமல் பறந்து காட்டப்பட வேண்டும். வீரர்கள் ஏறும் தேதியை அதற்குப் பிறகு குறிக்கட்டும்.